அவர்கள் எதைப் பற்றிச் சண்டையிடவில்லை?

ஆதிக்கக் கட்சி ஒன்று உள்ளுக்குள் அடித்துக்கொள்ளும்போது, ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கம் நிற்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை பிறப்பது இயல்பு. எதிரி வீட்டில் விரிசல் விழுந்தால் நமக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். 2016இல் அமெரிக்கக் குடியரசுக் கட்சி, டொனால்ட் டிரம்ப் என்ற ஒரு வேட்பாளரை முன்னிட்டு இரண்டுபட்டபோது உலகெங்கும் இந்த நம்பிக்கை எழுந்தது. கட்சியின் மூத்த தலைவர்கள் அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். பழமைவாத அறிவுஜீவிகள் அவருக்கு எதிராகச் சிறப்பிதழே வெளியிட்டார்கள். கட்சி உடைந்துவிடும் என்று பலரும் எழுதினார்கள். ஆனால் கட்சி உடையவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2024இல், அதே மனிதரின் பின்னால் அணிவகுத்து நின்று, இந்த முறை நாடு முழுவதும் பதிவான வாக்குகளின் எண்ணிக்கையிலும் முந்தி வென்றது.

இதை டிரம்ப் என்ற தனிமனிதரின் சாமர்த்தியமாக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். ஒரு கட்சியின் பிளவைப் புரிந்துகொள்ள, அவர்கள் எதைப் பற்றிச் சண்டையிடுகிறார்கள் என்று கவனித்தால் போதாது. எதைப் பற்றி அவர்களுக்குள் சண்டையே வரவில்லை என்றும் கவனிக்க வேண்டும். அந்தச் சண்டை வராத இடத்தில்தான் கட்சியின் அஸ்திவாரம் இருக்கிறது. சாதியச் சமூகத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தப் பார்வை புதிதல்ல. பங்காளிச் சண்டையில் வெட்டுக்குத்து வரை போன இரண்டு ஆதிக்கசாதிக் குடும்பங்கள், சேரிக்காரர் பொதுப்பாதையில் பிணம் தூக்கிச் செல்லக் கூடாது என்பதில் மட்டும் ஒரே குரலில் பேசுவதைப் பார்த்தவர்கள் நாம்.

பேச்சில் வந்த சண்டை

2015 ஜூன் 16 அன்று டிரம்ப் தன் வேட்பாளர் அறிவிப்பை வெளியிட்டபோது, மெக்சிகோவிலிருந்து வருபவர்களைப் பாலியல் வன்கொடுமையாளர்கள் என்று பேசினார். அந்த ஆண்டு டிசம்பரில், முஸ்லிம்கள் நாட்டுக்குள் நுழைவதற்கே தடை போட வேண்டும் என்றார். உட்கட்சித் தேர்தலில் மொத்தம் 17 பேர் களத்தில் இருந்தார்கள். ஆளுநர்களும் செனட்டர்களும் ஒருவர் பின் ஒருவராக அவரிடம் தோற்றார்கள். 2016 ஜனவரியில் பழமைவாதிகளின் முதன்மை ஏடான 'நேஷனல் ரிவ்யூ' அவரை எதிர்ப்பதற்கென்றே ஓர் இதழைக் கொண்டுவந்தது. மார்ச்சில், 2012ஆம் ஆண்டின் அதிபர் வேட்பாளரான மிட் ராம்னி, டிரம்ப் ஒரு மோசடிப் பேர்வழி என்று மேடையேறிப் பேசினார்.

இதே ராம்னி, 2012 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் டிரம்ப் பக்கத்தில் நின்று அவருடைய ஆதரவைப் பெற்றுக்கொண்டவர். அதற்கு முந்தைய ஆண்டில் டிரம்ப் என்ன செய்துகொண்டிருந்தார்? பராக் ஒபாமா அமெரிக்காவில் பிறந்தவரே அல்லர் என்ற பொய்யைத் தொலைக்காட்சிகளில் பரப்பிக்கொண்டிருந்தார். நாட்டின் முதல் கறுப்பின அதிபரிடம் பிறப்புச் சான்றிதழைக் காட்டச் சொன்னவரின் ஆதரவு 2012இல் கசக்கவில்லை. அவர் தலைமைப் பதவிக்கே போட்டியிட்டபோதுதான் கசந்தது.

அப்போது பிரதிநிதிகள் சபையின் தலைவராக இருந்த பால் ரயனின் நடத்தை இன்னும் தெளிவானது. டிரம்ப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கை விசாரித்த நீதிபதி கொன்சாலோ குரியல், இந்தியானா மாநிலத்தில் பிறந்த அமெரிக்கர். மெக்சிகோ வம்சாவளியினர் என்பதால் அவரால் தனக்கு நியாயம் வழங்க முடியாது என்றார் டிரம்ப். இனவெறிப் பேச்சு என்பதற்குப் பாடப்புத்தகத்தில் கொடுக்கத்தக்க எடுத்துக்காட்டு இது என்று 2016 ஜூனில் ரயன் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு, டிரம்புக்கான தன் ஆதரவு தொடரும் என்றும் அறிவித்தார். "சாதி பாக்குறது தப்புதான், ஆனா..." என்று தொடங்கும் வாக்கியத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கும் நமக்கு, ரயனின் அரசியலை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலையில் கிளீவ்லாந்து மாநாட்டில் டெட் குரூஸ், டிரம்பை ஆதரிக்கச் சொல்லாமல் மனசாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னார். அரங்கமே கூச்சலிட்டது. செப்டம்பரில் அவரும் ஆதரவு தந்தார். அக்டோபரில், பெண்களை அவர் கேவலமாகப் பேசிய ஒலிப்பதிவு வெளியானதும் பலர் விலகினார்கள். அவர்களில் சிலர் சில நாட்களிலேயே திரும்பி வந்தார்கள். நவம்பரில் வாக்கு எண்ணியபோது, குடியரசுக் கட்சியினர் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் அவருக்கே வாக்களித்திருந்தார்கள். பிளவு மேடையில் இருந்தது. வாக்குப்பெட்டியில் இல்லை.

கருத்து வேறுபாடுகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. கட்சி புனிதமாகக் கருதிய தடையற்ற வணிகத்தை டிரம்ப் எதிர்த்தார். ஈராக் போர் தவறு என்று கட்சி மேடையிலேயே சொன்னார். முதியோர் ஓய்வூதியத்தில் கைவைக்க மாட்டேன் என்றார். இவை உண்மையான வேறுபாடுகள். ஆனால் பணக்காரர்களுக்கு வரிக்குறைப்பு, உச்ச நீதிமன்றத்தில் பழமைவாத நீதிபதிகள், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கு இருந்த சட்டப் பாதுகாப்பைத் தளர்த்துவது ஆகிய மூன்றிலும் இரு தரப்புக்கும் இடையே சண்டை வரவில்லை. 2017 டிசம்பரில் நிறுவன வரி 35 சதவிகிதத்திலிருந்து 21 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில் மூன்று நீதிபதிகள் உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார்கள். கண்ணியம் பேசிய பெரும்பாலோரின் மனவருத்தம் அதோடு தீர்ந்தது. அந்த மூவரும் இடம்பெற்ற நீதிமன்றம்தான் 2023 ஜூன் 29 அன்று, பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளும் முறையை முடித்துவைத்தது. இடஒதுக்கீட்டுக்காகப் போராடும் எவரும் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் வருவதற்கு முன்பே கட்டிய வீடு

டிரம்ப் ஒரு நல்ல கட்சியைக் கெடுத்தார் என்பது அவரை எதிர்க்கும் பழமைவாதிகள் சொல்லும் கதை. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

அடிமைமுறையின் விரிவாக்கத்தை எதிர்த்து 1854இல் உருவான கட்சி இது. லிங்கனின் கட்சி. அடிமைமுறையை ஒழித்து, குடியுரிமையும் வாக்குரிமையும் தந்த மூன்று அரசியலமைப்புத் திருத்தங்களும் 1865க்கும் 1870க்கும் இடையில் இக்கட்சியின் முயற்சியில் வந்தவை. ஆனால் 1877இல் அதிபர் பதவி குறித்த தகராறைத் தீர்க்க, தெற்கு மாநிலங்களில் விடுதலை பெற்ற மக்களுக்குக் காவலாக இருந்த கூட்டாட்சிப் படையை அது விலக்கிக்கொண்டது. அதன்பின் வந்த முக்கால் நூற்றாண்டும் கறுப்பினத்தவரைச் சட்டம் போட்டே ஒதுக்கிய காலம். மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற காலம்.

அடுத்த திருப்பம் 1964. குடியுரிமைகள் சட்டத்துக்கு எதிராக செனட்டில் வாக்களித்த பாரி கோல்ட்வாட்டரை கட்சி தன் அதிபர் வேட்பாளராக்கியது. சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் மிதவாதத் தலைவர் நெல்சன் ராக்ஃபெல்லர் பேச முடியாதபடி கூச்சலிட்டு அவமதித்தார்கள். பேஸ்பால் விளையாட்டின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன், ராக்ஃபெல்லரின் ஆதரவாளராக அந்த அரங்கில் இருந்தார். அவர் 1960இல் நிக்சனுக்காகப் பிரச்சாரம் செய்தவர். கோல்ட்வாட்டர் படுதோல்வி அடைந்தார். வென்றது ஆறு மாநிலங்களில் மட்டும். சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர மற்ற ஐந்தும் அடிமைமுறையின் கோட்டையாக இருந்த ஆழ்தெற்கு மாநிலங்கள். தோல்வியிலிருந்து கட்சி கற்ற பாடம் அந்த ஐந்து மாநிலங்களில் இருந்தது.

1968இல், இனப்பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் தனித்து நின்று ஐந்து தெற்கு மாநிலங்களை வென்றார். அந்த வாக்கைச் சத்தமில்லாமல் தன்பக்கம் இழுக்க, 'சட்டம் ஒழுங்கு' என்ற முழக்கத்தோடு நிக்சன் வந்தார். 1980 ஆகஸ்டில் ரீகன், மிசிசிப்பியின் நெஷோபா கவுண்டி திருவிழாவில் மாநில உரிமை பற்றிப் பேசினார். 1964இல் மூன்று குடியுரிமைப் போராளிகள் கொன்று புதைக்கப்பட்ட ஊர் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. கட்சியின் தேர்தல் வியூகக்காரர் லீ அட்வாட்டர் 1981இல் அளித்த பேட்டி ஒன்றில் இந்த முறையை அப்பட்டமாக விளக்கினார். ஒருகாலத்தில் வசைச்சொல்லை நேரடியாகச் சொல்லி வாக்குக் கேட்டார்கள். அது எடுபடாமல் போனதும் மாநில உரிமை என்றார்கள். பிறகு வரிக்குறைப்பு என்றார்கள். பேச்சு முழுக்கப் பொருளாதாரமாகிவிடும். ஆனால் விளைவில் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கே அடி அதிகம் விழும்.

தகுதி, திறமை, பொதுப்போட்டி என்ற சொற்களை நாம் எங்கே கேட்கிறோம், யார் வாயிலிருந்து கேட்கிறோம் என்று யோசித்தால் அட்வாட்டர் சொன்னது புரியும்.

2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை முறித்தது. இனப்பாகுபாட்டு வரலாறு கொண்ட பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்றும் முன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு செயலிழந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு அது. அந்த ஐந்து நீதிபதிகளையும் நியமித்தவர்கள் ரீகனும் இரண்டு புஷ்களும். டிரம்ப் அப்போது தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அவர் கட்சிக்குள் கொண்டுவந்த புதுமை ஒன்றுதான்: சங்கேத மொழியை விலக்கி, பொருளை நேரடியாகச் சொன்னார். மூத்தவர்களில் பெரும்பாலோர் பதறியது பொருளைக் கேட்டல்ல. அது வெளியே கேட்டுவிட்டதே என்றுதான்.

வேலை இழந்தவர்களின் கோபம்

தொழிற்சாலைகள் மூடப்பட்டதால் வேலை இழந்த வெள்ளைத் தொழிலாளர்களின் கோபம்தான் டிரம்பை உருவாக்கியது என்று இடதுசாரி நண்பர்கள் சொல்வதுண்டு. இதில் உண்மை இருக்கிறது. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 80,000க்கும் குறைவான வாக்குகள்தான் 2016இன் முடிவைத் தீர்மானித்தன. அங்கே ஆலைகள் மூடப்பட்டதும் ஊர்கள் பாழடைந்ததும் உண்மை. ஆனால் டெட்ராய்ட்டிலும் பிளிண்ட்டிலும் மில்வாக்கியிலும் அதே ஆலைகளில் வேலை இழந்த கறுப்பினத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வறுமை அவர்களை டிரம்பிடம் கொண்டுசேர்க்கவில்லை. வெறும் வர்க்கக் கோபம் என்றால் இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் இல்லை.

டபிள்யூ. இ. பி. துபாய்ஸ் 1935லேயே இதற்கு விளக்கம் தந்தார். வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலி குறைவாகக் கிடைத்தாலும், வெள்ளையர் என்பதற்காகக் கிடைக்கும் மரியாதை ஒரு கூடுதல் கூலியாக அமைந்து, சக தொழிலாளியோடு சேரவிடாமல் தடுத்தது என்றார். அண்ணல் அம்பேத்கர் 'படிநிலைச் சமத்துவமின்மை' என்று சொன்னதும் இதற்கு நெருக்கமானது. ஆனால் இன்னும் நுட்பமானது. மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இரண்டு படி மட்டும் இருந்தால் கீழே இருப்பவர்கள் ஒன்றுசேர்வார்கள். பல படிகள் இருந்தால், ஒவ்வொருவருக்கும் தனக்குக் கீழே ஒருவர் இருப்பதே ஆறுதலாகிவிடும். 2024இல் லத்தீன் அமெரிக்க வம்சாவளி வாக்காளர்களில் பாதிக்குச் சற்றே குறைவானோர் டிரம்புக்கு வாக்களித்ததை அமெரிக்க ஊடகங்கள் புதிராகப் பேசின. புதிதாக வந்தவர்களுக்கு எதிரான பேச்சு, முன்பே வந்து குடியுரிமை பெற்றவர்கள் சிலருக்கு ஒரு படி மேலே ஏறிய உணர்வைத் தந்தது. அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு இது புதிரல்ல.

உண்மையாகவே எதிர்த்தவர்கள்

கட்சிக்குள் உயிரைப் பணயம் வைத்து எதிர்த்தவர்களே இல்லையா? இருந்தார்கள். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பின், பிரதிநிதிகள் சபையில் 10 குடியரசுக் கட்சியினர் டிரம்பைப் பதவிநீக்கக் குற்றச்சாட்டுக்கு உள்ளாக்க வாக்களித்தார்கள். செனட்டில் 7 பேர் அவர் குற்றவாளி என்றார்கள். அந்தப் பத்துப் பேரில் 2022 தேர்தலுக்குப் பின் சபையில் எஞ்சியவர்கள் இருவர் மட்டுமே. லிஸ் செனி கட்சிப் பொறுப்பை இழந்து, கொலை மிரட்டல்களைச் சந்தித்து, சொந்த மாநிலமான வயோமிங்கின் உட்கட்சித் தேர்தலில் பெரும் வித்தியாசத்தில் தோற்றார். இந்தத் துணிச்சலைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அதே 2021 ஆகஸ்ட் 24 அன்று இன்னொரு வாக்கெடுப்பு நடந்தது. 2013இல் முறிக்கப்பட்ட வாக்குரிமைச் சட்டத்தைச் சீரமைக்கும் மசோதா அது. 1965இல் செல்மா பாலத்தில் மண்டை உடைபட்ட ஜான் லூயிஸின் பெயரைத் தாங்கியது. 219க்கு 212 என்ற கணக்கில் அது நிறைவேறியது. எதிர்த்த 212 பேரும் குடியரசுக் கட்சியினர். அக்கட்சியிலிருந்து ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. லிஸ் செனியும் எதிர்த்தே வாக்களித்தார். பிறகு செனட்டில் மசோதா முடக்கப்பட்டது.

ஜார்ஜியா மாநிலமும் இதையே காட்டுகிறது. அங்கே 11,779 வாக்குகளில் தோற்ற டிரம்ப், 11,780 வாக்குகளைத் தேடித் தரும்படி மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் கேட்டார். அவர் மறுத்தார். ஆளுநர் பிரையன் கெம்ப்பும் முடிவை மாற்ற மறுத்தார். இருவரும் குடியரசுக் கட்சியினர். மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2021 மார்ச்சில் அதே கெம்ப் ஒரு தேர்தல் சட்டத்தில் கையெழுத்திட்டார். அஞ்சல் வாக்குக்கான அடையாள விதிகள் இறுகின. வாக்குப் போடும் பெட்டிகள் குறைக்கப்பட்டன. வரிசையில் நிற்கும் வாக்காளருக்குத் தண்ணீர் கொடுப்பதும் குற்றமாக்கப்பட்டது. ராஃபன்ஸ்பெர்கரும் அச்சட்டத்தை ஆதரித்தார். போட்ட வாக்கை நேர்மையாக எண்ணுவோம், போட வருவதைக் கடினமாக்குவோம்: இதுதான் டிரம்பை எதிர்த்த தரப்பின் நிலை. அவர்கள் காத்தது ஆட்டத்தின் விதியை. ஆட்டத்துக்குள் யாரை விடுவது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

விரிசலைப் பயன்படுத்தியவர்கள்

அப்படியானால் பிளவால் ஒரு பயனும் இல்லையா? பயன் இருந்தது. அந்த விரிசலுக்காகக் காத்திருக்காமல் முன்பே உழைத்தவர்களுக்கு அது கிடைத்தது. 2018 ஆளுநர் தேர்தலில் கெம்ப்பிடம் தோற்ற ஸ்டேசி ஆப்ரம்ஸும், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள் நடத்திய அமைப்புகளும், ஜார்ஜியாவில் பல ஆண்டுகளாக வீடுவீடாகப் போய் வாக்காளர்களைப் பதிவு செய்துகொண்டிருந்தன. தேர்தலே மோசடி என்று டிரம்ப் தன் கட்சியினரையே குழப்பிக்கொண்டிருந்த நேரத்தில், 2021 ஜனவரி 5 அன்று, மார்ட்டின் லூதர் கிங் பணியாற்றிய எபநேசர் தேவாலயத்தின் போதகர் ரஃபேல் வார்னாக், ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிரியின் சண்டை கதவை ஒரு விரல் அளவு திறந்தது. உள்ளே நுழையத் தயாராக ஓர் அமைப்பு வாசலில் நின்றது.

அமெரிக்க அனுபவத்தை இப்படி வாசிப்பது நமக்குப் பழைய மரபு. ஜோதிராவ் புலே 1873இல் தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் மேலும் ஒரு படி சென்றார். காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாத மக்களுக்குச் செய்தது என்ன என்பது பற்றிய 1945ஆம் ஆண்டு நூலில், உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்களின் ரத்தத்தைப் பயன்படுத்திக்கொண்ட குடியரசுக் கட்சி, தெற்கத்திய வெள்ளையரோடு சமாதானம் செய்துகொள்ள அவர்களைக் கைவிட்டதை எடுத்துக்காட்டி, நம் மக்கள் அந்தக் கதியை மறக்கக் கூடாது என்று எச்சரித்தார். இன்று நாம் பேசிக்கொண்டிருப்பதும் அதே கட்சியைப் பற்றித்தான். மேலே இருப்பவர்களின் சண்டை சமாதானத்தில் முடியும்போது, அதன் விலையைக் கீழே இருப்பவர்கள் கட்டுவார்கள் என்பதே அவர் கண்ட உண்மை.

இந்த விஷயத்தில் ஏமாந்தவர்களில் நம் நாட்டவரும் உண்டு. 2016 அக்டோபரில் நியூஜெர்சியில் இந்து அமைப்பு ஒன்று நடத்திய விழாவில் டிரம்ப் தன்னை இந்துக்களின் பெரும் ரசிகர் என்றார். 2019இல் ஹூஸ்டன் அரங்கில் மோடியோடு கைகோத்து நடந்தார். அமெரிக்கப் படிநிலையில் தங்களுக்கு மேல்படி உறுதி என்று நம்பியவர்கள் கைதட்டினார்கள். 2024 டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை அவர் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக அறிவித்ததும், அவருடைய ஆதரவாளர்களே இந்தியர்கள் அனைவரையும் இழித்து வசைபாடத் தொடங்கினார்கள். எச்-1பி விசா குறித்து அந்த முகாமே இரண்டுபட்டது. ஏணியை ஏற்றுக்கொண்டவர், தனக்கான படியைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது. எதிர்க்கட்சியிலும் சொர்க்கம் இல்லை. சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 2023 அக்டோபரில் நிராகரித்தவர் ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் கேவின் நியூசம்.

நம் ஊரிலும் வலதுசாரி முகாமுக்குள் சண்டைகள் வரும். முரட்டுத்தனமாகப் பேசுகிறவருக்கும் கண்ணியமாகப் பேசுகிறவருக்கும் மோதல் வரும். அப்போது கண்ணியவானின் பின்னால் அணிதிரளச் சொல்லி நம்மிடம் கேட்பார்கள். முரடரைத் தோற்கடிக்க வாக்களிப்பது தேவையாகவும் இருக்கலாம்; அதைச் செய்வோம். ஆனால் அதற்கு முன், இடஒதுக்கீடு, நிலம், ஆணவக்கொலைக்கு எதிரான சட்டம், பஞ்சாயத்துத் தலைவரின் நாற்காலி ஆகியவற்றில் அவர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று கேட்போம். இவற்றில் முரடரும் கண்ணியவானும் ஒரே பக்கம் என்றால், அவர்களுடைய சண்டையில் நமக்குக் கிடைக்கப்போவது கொஞ்ச காலம் மட்டுமே. அந்தக் காலத்தை வேடிக்கை பார்த்துக் கழிக்காமல், ஜார்ஜியாவின் பெண்களைப் போல வீடுவீடாகப் போய் அமைப்பைக் கட்டுவோம். அவர்கள் எப்படியும் ஒரு நாள் சமாதானமாகிவிடுவார்கள்.